லாகின் செய்தால் மட்டும் வந்த வைஃபை: ஓர் அலுவலக லேப்டாப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகம். அங்கே மூலையில் ஓர் அலமாரித் தட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் லினக்ஸ் இயங்குதளம். பகலில் அது எல்லோருக்கும் பொதுவான கோப்புக் கிடங்கு. இரவு 2 மணிக்கு அன்றைய கோப்புகளை வெளியே ஒரு சேமிப்பிடத்துக்கு நகல் அனுப்பும். லேப்டாப்பில் இணையக் கம்பி மாட்டும் லேன் போர்ட் எப்போதோ உடைந்துவிட்டது. ரூட்டர் இருப்பது அடுத்த அறையில். அதனால் வைஃபை மட்டுமே வழி.

இதைப் பார்த்துக்கொள்பவர் அலுவலக நிர்வாகி. கணினி ஆள் இல்லை, ஆனால் பொறுமையாகக் குறிப்பு எடுத்து வைப்பவர். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த ஆய்வின் பாதி எழுதியிருக்க முடியாது.

சிக்கல் வெளியே தெரிந்த விதம் இது. ஒரு மொழிபெயர்ப்பாளர் புதன்கிழமை ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தெழுதிவிட்டார். செவ்வாய் இரவு நகலை எடுத்துக்கொள்ளலாம் என்று போனால், செவ்வாய் இரவு நகலே இல்லை. திங்கள் இருக்கிறது, புதன் இருக்கிறது. தேடிப் பார்த்ததில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஐந்து இரவுகள் விடுபட்டிருந்தன. நகல் போகாவிட்டால் மின்னஞ்சல் வரும்படி ஏற்பாடு இருந்தது, அதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது யோசித்தால் சிரிப்பாக இருக்கும்: இணையம் இல்லை என்று சொல்ல அந்த மின்னஞ்சலுக்கு இணையம் வேண்டும்.

அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் ஊகங்கள்

வைஃபை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சிக்னல். நான் போவதற்கு முன்பே லேப்டாப்பை ரூட்டர் இருக்கும் சுவரோடு ஒட்டி நகர்த்தி வைத்திருந்தார்கள். மாற்றம் இல்லை. நானும் என் பங்குக்கு வைஃபை சிப்பின் மின்சேமிப்பை அணைத்துப் பார்த்தேன். சில சிப்புகள் சும்மா இருக்கும்போது தூங்கிப் போய் இணைப்பை நழுவவிடும், எனவே அது நியாயமான சந்தேகம்தான். அதற்குப் பிறகும் ஓர் இரவு விடுபட்டது.

நிர்வாகி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: "தினமும் காலையில நான் போய்ப் பார்க்கும்போது கனெக்ட் ஆகித்தான் இருக்கு. பாஸ்வேர்டும் சேவ் ஆகியிருக்கு. ஒரு நாள்கூட நான் டைப் பண்ணினதில்ல."

அவர் சொன்னது முழுக்க உண்மை. அதுதான் எங்களை நான்கு நாள் சுற்றவைத்தது. காலையில் அவர் என்ன செய்வார்? மூடியைத் திறப்பார், லாகின் செய்வார், மூலையில் இருக்கும் வைஃபை குறியைப் பார்ப்பார். குறி நிறைந்திருக்கும். குறியைப் பார்க்க வேண்டுமென்றால் லாகின் செய்தாக வேண்டும், லாகின் செய்த அந்த நொடியில் இணைப்பு வந்துவிடும். பார்க்கப் போவதே சிக்கலைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தது. இதை நாங்கள் புரிந்துகொண்டது பிறகுதான்.

லாக் சொன்னது

ஊகத்தை நிறுத்திவிட்டு, விடுபட்ட இரவுகளை ஒரு தாளில் எழுதினோம். பக்கத்தில் அந்தந்த இரவு லேப்டாப் என்ன செய்தது என்று கணினியின் லாக்கிலிருந்து, அதாவது அது தானே எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவிலிருந்து, எடுத்து எழுதினோம். ஒன்று விடாமல் எல்லா இரவிலும் ஒரே விஷயம்: 1:30 மணிக்கு ரீஸ்டார்ட். பாதுகாப்பு அப்டேட் ஏதாவது வந்து, அது ரீஸ்டார்ட் கேட்டால் மட்டும், அந்த நேரத்தில் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி யாரோ முன்பு அமைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ரீஸ்டார்ட் ஆகாத இரவுகளில் முந்தைய நாள் லாகின் அப்படியே திறந்திருக்கும், நகலும் ஒழுங்காகப் போயிருக்கும்.

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் வைஃபையைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்ற சேவை. அதன் லாக்கில் 1:31க்கு வந்த வரிகளைப் பார்த்தோம். அலுவலக வைஃபை கண்ணில் பட்டிருக்கிறது. தானாக இணைய வேண்டிய வலையமைப்பு என்று சரியாக அடையாளம் கண்டிருக்கிறது. இணையத் தொடங்கியிருக்கிறது. கடவுச்சொல் வேண்டும் என்ற இடத்தில் நின்றிருக்கிறது. அடுத்த வரியில், ரகசியம் எதுவும் கிடைக்கவில்லை, இந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல ஏஜெண்ட் (பயனர் சார்பில் கடவுச்சொல்லைத் தரும் நிரல்) யாரும் இல்லை என்ற எச்சரிக்கை. அதற்கப்புறம் காலை 9:12 வரை எந்த முயற்சியும் இல்லை. 9:12க்கு நிர்வாகி லாகின் செய்திருக்கிறார், சில நொடிகளில் இணைப்பு வந்திருக்கிறது.

ஆக, சிக்னலும் நன்றாக இருந்தது, ரூட்டரும் நன்றாக இருந்தது. தானாக இணைவதற்கான டிக்கும் போட்டுத்தான் இருந்தது.

கடவுச்சொல் யாரிடம் இருந்தது

இந்த நிகழ்வின் நடுமுடிச்சு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நெட்வொர்க்மேனேஜர் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கும். பெயர், எந்த வகைப் பாதுகாப்பு, தானாக இணைய வேண்டுமா, இப்படி. கடவுச்சொல்லை அந்தக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், லாகின் செய்திருக்கும் பயனரின் சாவிக்கொத்தில், அதாவது கீரிங்கில், வைத்துவிட்டு, தேவைப்படும்போது அவருடைய திரையில் ஓடும் ஏஜெண்டிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கே வைத்திருக்கிறது என்பதை அந்தக் கோப்பில் பிஎஸ்கே-ஃபிளாக்ஸ் என்ற ஒரே ஒரு வரி சொல்லும். 0 என்றால் கடவுச்சொல் கணினியிடமே இருக்கிறது. 1 என்றால் பயனரிடம் இருக்கிறது. 2 என்றால் எங்கேயும் சேமிக்காதே, ஒவ்வொரு முறையும் கேள்.

எங்கள் கோப்பில் இருந்தது 1.

யார் இப்படி அமைத்தார்கள் என்று கேட்டால் யாரும் அமைக்கவில்லை. திரையில் வந்த பெட்டியில் நிர்வாகி கடவுச்சொல்லைத் தட்டி எண்டர் அழுத்தினார், அவ்வளவுதான். எந்த டெஸ்க்டாப், அந்தப் பயனருக்கு என்ன உரிமை என்பதைப் பொறுத்து அது தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். இணைப்பைத் திருத்தும் பெட்டியில் கடவுச்சொல் கட்டத்தின் வலது ஓரத்தில் கடுகளவு ஒரு படம் இருக்கும். அதை அழுத்தினால் இந்தப் பயனருக்கு மட்டும், எல்லாப் பயனர்களுக்கும் என்று தேர்வுகள் விரியும். அந்தப் படத்தை அழுத்திப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பயனருக்கு மட்டும் என்பதை முட்டாள்தனமான அமைப்பு என்று சொல்லிவிட முடியாது. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகும் லேப்டாப்புக்கு அதுதான் சரி. தொலைந்து போனாலும், லாகின் கடவுச்சொல் தெரியாதவர் கையில் வீட்டு வைஃபையின் சாவி கிடைக்காது. இங்கே மட்டும், ஆளே இல்லாத இரவில் வேலை செய்ய வேண்டிய கணினி, ஆள் வந்து சாவி தரட்டும் என்று காத்திருந்தது. விண்டோஸில் வைஃபை விவரங்களை ஒரு சேவை கணினி அளவில் வைத்திருப்பதால், பொதுவாக லாகின் திரையிலேயே இணைப்பு வந்துவிடும். அங்கிருந்து லினக்ஸுக்கு வருபவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான்.

முதல் முடிவு

மூன்று வழிகளை எடைபோட்டோம்.

தானாக லாகின் ஆகும்படி செய்துவிடலாம் என்றார் ஒருவர். அதையும் சோதித்தேன். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆனது, டெஸ்க்டாப் வந்தது, நடுவில் ஒரு பெட்டி: "சாவிக்கொத்தைத் திறக்கக் கடவுச்சொல் தரவும்." சாவிக்கொத்து திறப்பதே நாம் தட்டும் லாகின் கடவுச்சொல்லைக் கொண்டுதான். யாரும் தட்டாமல் லாகின் ஆனால் கொத்து பூட்டியேதான் இருக்கும். பூட்டை எடுத்துவிடலாம்தான். ஆனால் கடந்து போகிற யார் வேண்டுமானாலும் மூடியைத் திறந்து உட்காரக்கூடிய இடத்தில், திறந்த டெஸ்க்டாப்பை விட்டுவைக்க நிர்வாகிக்கும் எனக்கும் மனம் வரவில்லை.

இரண்டாவது, யுஎஸ்பி வழியாக லேன் அடாப்டர் போட்டுக் கம்பி இழுப்பது. ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கணினிக்கு அதுதான் உண்மையான வைத்தியம். சுவரில் துளை போட கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், அதற்கு நாளாகும் என்றார்கள்.

மூன்றாவது, கடவுச்சொல்லைக் கணினியிடமே கொடுத்துவிடுவது. இதைத் தேர்ந்தோம். இதற்கும் ஒரு விலை உண்டு. கோப்பை ரூட், அதாவது கணினியின் முழு அதிகாரமுள்ள கணக்கு, தவிர வேறு யாரும் படிக்க முடியாது, ஆனால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அப்படியே படிக்கலாம். டிஸ்க் முழுவதையும் பூட்டினால் அந்தக் கவலை போகும். அப்போது ரீஸ்டார்ட் ஆனதும் டிஸ்கின் கடவுச்சொல்லைத் தட்ட ஆள் வேண்டும், மறுபடி பழைய கதைதான். விருந்தினர் வைஃபையில் இதை மட்டும் தனியாக இணைக்கலாமா என்றும் பார்த்தோம். அந்த ரூட்டரில் விருந்தினர் பக்கம் இருப்பதை மற்றவர்கள் அணுக முடியாது. கோப்புக் கிடங்கை யாரும் தொட முடியாமல் போகும்.

கடைசியில் நான் ஒரு நடுவழி சொன்னேன். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ரூட்டரும் கணினியும் நாம் தட்டும் சொல்லை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. அந்தச் சொல்லோடு வலையமைப்பின் பெயரையும் கலந்து, 4096 சுற்று அரைத்து, 256 பிட் சாவி ஒன்றை உண்டாக்கிக்கொள்கின்றன. எழுதினால் 64 எழுத்துகள் வரும். கடவுச்சொல்லுக்குப் பதில் அந்த 64 எழுத்துகளையே நேராக எழுதி வைக்கலாம். அதைப் பார்ப்பவர் அலுவலக வைஃபைக்குள் வந்துவிட முடியும், அதில் மாற்றமில்லை. ஆனால் மூலச் சொல் தெரியாது. அந்தச் சொல்லை மனிதர்கள் வேறு இடங்களிலும் வைத்துத் தொலைப்பார்கள் என்பதுதான் என் பயம். அப்படியே செய்தோம். அன்று இது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. பின்னால் இது எங்களை எப்படிக் கடித்தது என்று சொல்கிறேன்.

கூடவே நான் இன்னொன்றும் சேர்த்தேன். வலையமைப்பு இணைந்ததும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது சின்ன நிரலை, ஓட்டும் வசதி நெட்வொர்க்மேனேஜரில் இருக்கிறது. இணைப்பு எப்போது திரும்பி வந்தாலும் அனுப்பாமல் கிடக்கும் கோப்புகளை உடனே அனுப்பு என்று ஒன்றை எழுதி வைத்தேன். யாரும் கேட்காமல் நானாகச் செய்த கூடுதல் வேலை.

நான்கு முறை வேண்டுமென்றே ரீஸ்டார்ட் செய்து, மூடியைத் திறக்காமல், வேறு கணினியிலிருந்து இதை எட்ட முடிகிறதா என்று பார்த்தோம். நான்கு முறையும் முடிந்தது.

பத்து நாள் கழித்து

ஒரு பிற்பகல் நிர்வாகி கூப்பிட்டார். கோப்புக் கிடங்கு யாருக்கும் தெரியவில்லை. லேப்டாப்பில் வைஃபை குறியோ நிறைந்து நிற்கிறது. ரூட்டரும் நன்றாக இருக்கிறது. நான் வேறு வேலையில் இருந்ததால் மறுநாள் பார்க்கிறேன் என்றேன். மாலை ஐந்தரைக்கு அவரே மறுபடி கூப்பிட்டு, தானாகச் சரியாகிவிட்டது என்றார். தானாகச் சரியானவற்றை நான் நம்புவதில்லை. ஆனால் அன்று சரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஊழியர் ஒருவர் நிர்வாகியிடம் வந்து குறைப்பட்டிருக்கிறார். "என்ன ஆச்சுன்னே தெரியல மேடம், நேத்து மத்தியானம் ஒரே மூச்சுல என் போன் டேட்டா மொத்தமும் காலி." இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நிர்வாகிக்குத் தோன்றியது. லாக்கைத் திறந்தோம்.

பிற்பகல் 2:40 வாக்கில் ரூட்டர் தன் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. லேப்டாப் இருந்தது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ரேடார்களும் பயன்படுத்தும் சேனல் ஒன்றில். அப்படிப்பட்ட சேனலில் ஒலிபரப்பத் தொடங்குமுன் ரூட்டர் குறைந்தது 60 நொடி சும்மா காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. ஆகவே எல்லாம் சேர்ந்து சுமார் மூன்று நிமிடம் அலுவலக வைஃபை காற்றில் இல்லை. அந்த நேரத்தில் அந்த ஊழியர் தன் டேப்லெட்டுக்காகப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தார். ஆறு மாதத்துக்கு முன்பு ரூட்டர் பழுதான ஒரு நாளில், அவசரத்துக்கு இந்த லேப்டாப்பை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தார்கள். அந்த விவரம் அழியாமல், தானாக இணை என்ற டிக்கோடு உள்ளே உட்கார்ந்திருந்தது. லேப்டாப்பைப் பொறுத்தவரை அதுவும் தெரிந்த வலையமைப்புதான். போய் ஒட்டிக்கொண்டது.

இணைப்பு வந்ததும் என் ஸ்கிரிப்ட் விழித்துக்கொண்டு, அன்று காலை ஸ்கேன் செய்து போட்டிருந்த கனமான கோப்புகளையெல்லாம் அந்தப் போனின் வழியே அனுப்பத் தொடங்கிவிட்டது.

ரூட்டர் மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தும் லேப்டாப் ஏன் திரும்பவில்லை? நெட்வொர்க்மேனேஜர் ஒரு வலையமைப்பில் நன்றாக இணைந்திருக்கும்போது, அதைவிட விருப்பமான ஒன்று தெரிகிறதே என்று தாவாது. இருக்கும் இணைப்பு அறுந்தால்தான் அடுத்தது எது என்று தேர்வு நடக்கும். ஊழியர் ஐந்தரைக்குப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார், ஹாட்ஸ்பாட் அறுந்தது, லேப்டாப் அலுவலக வைஃபைக்கு வந்தது. தானாகச் சரியான லட்சணம் அது.

தெரிந்தவர்களின் பட்டியல்

அன்று உட்கார்ந்து, லேப்டாப் நினைவில் வைத்திருந்த வலையமைப்புகளை முழுவதும் பட்டியல் போட்டோம். பதினான்கு இருந்தன. ஒரு காலத்தில் இந்த லேப்டாப் ஒருவர் தூக்கிக்கொண்டு திரிந்த பயணக் கணினி. அதன் முந்தைய வாழ்க்கை அப்படியே உள்ளே இருந்தது. தங்கும் விடுதிகள், ஒரு கருத்தரங்கு, யாருடைய வீடோ.

அவற்றில் இரண்டு என்னை நிறுத்தின.

ஒன்று, கடவுச்சொல் இல்லாத திறந்த வலையமைப்பு. இலவச வைஃபை என்பது போன்ற, எங்கும் இருக்கக்கூடிய பெயர். கணினி அதை அடையாளம் காண்பது அந்தப் பெயரையும், திறந்தது என்ற தன்மையையும் வைத்துத்தான். அதே பெயரில் எவர் ஒருவர் வைஃபை போட்டாலும், பழைய நண்பன் என்று நினைத்துப் போய் இணையும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. டினோ டாய் ஸோவி, ஷேன் மெக்காலே என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் 2005இலேயே இந்தத் தானியங்கித் தேர்வை எப்படி ஏமாற்றலாம் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். கடவுச்சொல் உள்ள வலையமைப்பில் போலி ரூட்டருக்கு வேலை இவ்வளவு சுலபமில்லை. சாவி தெரியாமல் கைகுலுக்கலை, அதாவது இணையும்போது இரு பக்கமும் சாவியைச் சரிபார்ப்பதை, முடிக்க முடியாது.

இன்னொன்று, பெயர் மறைத்த வலையமைப்பு. இந்த அலுவலகமே முன்பு அப்படித்தான் வைத்திருந்ததாம். "பேரை மறைச்சு வெச்சா சேஃப்தானே?" என்று நிர்வாகி கேட்டார். பலரும் நம்புவதுதான். பெயரை ரூட்டர் சொல்லாவிட்டால் கணினிதான் சொல்ல வேண்டும்: இன்ன பெயருள்ளவர் இங்கே இருக்கிறாரா என்று ஒவ்வொரு தேடலிலும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ரூட்டர் ஓரிடத்தில் மறைத்ததை, கணினி போகும் இடமெல்லாம் அறிவித்துக்கொண்டிருக்கும். பழைய அலுவலகப் பெயரை இந்த லேப்டாப் அலமாரியிலிருந்து இத்தனை நாளும் கூவிக்கொண்டிருந்திருக்கிறது என்றதும் அவர் சிரித்துவிட்டார்.

இரண்டாம் முடிவு

முதலில் முன்னுரிமை எண் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு வலையமைப்புக்கும் -999 முதல் 999 வரை எண் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 0. எண் பெரிதானால் முதலிடம். எண்கள் சமமானால் கடைசியாக எதில் இணைந்திருந்ததோ அதற்கு முதலிடம். சிக்னல் எதில் பலமாக இருக்கிறது என்று பார்த்து வெவ்வேறு பெயர்களுக்கிடையே அது தேர்ந்தெடுப்பதில்லை, பலரும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாலும்.

ஆனால் அந்தப் பிற்பகலை மனதில் ஓட்டிப் பார்த்தால், அலுவலக வைஃபைக்கு 999 கொடுத்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் போட்டியே இல்லை. இருந்தது ஹாட்ஸ்பாட் ஒன்றுதான். இருப்பவற்றில் யார் முதல் என்பதைத்தான் முன்னுரிமை தீர்மானிக்கும், யாரை உள்ளே சேர்க்கக்கூடாது என்பதை அது தீர்மானிக்காது.

அதனால் இப்படிச் செய்தோம். பதினான்கில் பன்னிரண்டை அழித்தோம். ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டோம், ரூட்டர் மறுபடி பழுதானால் வேண்டுமே. ஆனால் அதில் தானாக இணை என்பதை எடுத்துவிட்டு, அளவுள்ள இணைப்பு, அதாவது டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று குறியிட்டோம். தானாக இணையும் உரிமை அலுவலக வைஃபை ஒன்றுக்கு மட்டும். அளவுள்ளது என்ற குறி ஓர் அறிவிப்புப் பலகை மாதிரிதான். அதை மதிக்கும் நிரல்கள் மதிக்கும், என் ஸ்கிரிப்ட் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. எனவே ஸ்கிரிப்டையும் திருத்தினேன். இணைந்திருப்பது அலுவலக வைஃபைதானா என்று முதலில் பார்க்கும், இல்லாவிட்டால் ஒன்றும் அனுப்பாது.

இன்னொரு சின்ன மாற்றம். இணைய முயன்று தோற்றால் நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாக நான்கு முறை பார்த்துவிட்டுச் சிறிது நேரம் ஒதுங்கிக்கொள்ளும். ரூட்டர் பாதி விழித்து, பெயரை ஒலிபரப்பிவிட்டு, ஐபி முகவரி கொடுக்கத் தயாராகாத நேரத்தில் இப்படி நடக்கும். அந்த எண்ணிக்கையை 0 ஆக்கினோம். இங்கே 0 என்றால் ஒருபோதும் முயலாதே என்று பொருளில்லை, ஓயாமல் முயன்றுகொண்டே இரு என்று பொருள். இதை முதல் தடவை பார்க்கிறவர் எதிர்மாறாகப் புரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

எச்சரிக்கையையும் தலைகீழாக்கினோம். லேப்டாப் தன் தோல்வியைத் தானே சொல்ல வேண்டாம். நகல் போய்ச் சேரும் இடத்திலிருந்து, காலை 6 மணிக்குள் புதியது எதுவும் வரவில்லையென்றால் நிர்வாகிக்கு மின்னஞ்சல் போகும்.

டேட்டா இழந்த ஊழியரிடம் நான் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தது அவர் செய்த உதவி, அதன் வழியே கோப்புகளை அள்ளிக் கொட்டியது என் ஸ்கிரிப்ட். அலுவலகம் அவருக்கு டேட்டா போட்டுக் கொடுத்தது.

அதன் பிறகு

அடுத்த மூன்று மாதத்தில் லேப்டாப் பலமுறை இரவில் ரீஸ்டார்ட் ஆனது, ஒரு நகலும் விடுபடவில்லை. ரூட்டர் இரண்டு முறை அப்டேட் ஆனது, ஹாட்ஸ்பாட் பக்கம் லேப்டாப் போகவில்லை.

நான்காம் மாதம் ரூட்டரை மாற்றினார்கள். புதியதில் வைஃபையின் பெயர் வேறு, கடவுச்சொல்லை மட்டும் எல்லோருக்கும் பழக்கமானது என்பதால் பழையதையே வைத்துக்கொண்டார்கள். நிர்வாகி என் குறிப்பைப் பார்த்து, லேப்டாப்பில் பெயரை மட்டும் கவனமாக மாற்றினார். இணையவில்லை. கடவுச்சொல் சரிதானே என்று ஒரு மணி நேரம் போராடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அந்த 64 எழுத்துகள். பெயரையும் கலந்துதான் அந்தச் சாவி அரைக்கப்படுகிறது என்று மேலே எழுதினேனே. பெயர் மாறினால், கடவுச்சொல் அதேயானாலும், சாவி வேறு. நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்து வைத்தது எனக்கு மட்டும் புரிகிற ஒன்று. குறிப்பில் 64 எழுத்துகள் என்று எழுதியிருந்தேன், பெயர் மாறினால் அதுவும் மாறும் என்று எழுதவில்லை. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அன்று சாதாரணக் கடவுச்சொல்லையே கோப்பில் எழுதிவிட்டு, அதை வேறெங்கும் பயன்படுத்தாத தனிச்சொல்லாக மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அன்றிரவு நகலும் போய்ச் சேர்ந்தது, மறுநாள் காலை எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

மறுபடி செய்வதானால்

முதல் நாளே ரீஸ்டார்ட் செய்து, யாரையும் லாகின் செய்யவிடாமல், வேறு கணினியிலிருந்து பார்ப்பேன். நான்கு நாள் மிச்சமாகியிருக்கும். சிக்னலைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச்சு.

கைமாறி வரும் கணினியில் பழைய வலையமைப்புப் பட்டியலை வேலைக்கு வைக்கும் முன்பே துடைப்பேன். இங்கே ஓர் இணைப்பைச் சரிசெய்துவிட்டு மற்ற பதின்மூன்றைத் திரும்பிப் பார்க்காமல் விட்டது என் கவனக்குறைவு.

யாரும் கேட்காத ஸ்கிரிப்டை, எந்த வலையமைப்பில் ஓடுகிறது என்ற சோதனை இல்லாமல் வைக்க மாட்டேன். சாவியை 64 எழுத்தாக வைக்கும் வேலையும் இனி இல்லை, பார்த்துக்கொள்ளப் போகிறவர் நானாக இல்லாதவரை.

கம்பிக்கான அனுமதி ஐந்தாம் மாதம் கிடைத்தது. துளை போட்டாயிற்று, அடாப்டர் மாட்டியாயிற்று, லேப்டாப் இப்போது கம்பியில்தான் இருக்கிறது. வைஃபை விவரத்தை அழிக்கவில்லை. கம்பி பிடுங்கிக்கொண்டால் மாற்று வழியாக இருக்கட்டும் என்று, தானாக இணையும் டிக்கோடு அப்படியே விட்டிருக்கிறோம். லேப்டாப்பின் மூடியில் நிர்வாகி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: வைஃபை பெயரோ பாஸ்வேர்டோ மாற்றினால் இங்கேயும் மாற்றவும், மாற்றிய பின் கம்பியைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமல் பார்க்கவும்.